கம்பி வலையில் நின்ற கொக்கு

ஏங்க,

சோறு குக்கரில். முட்டை அவித்திருக்கிறேன், உரித்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

கொடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை தொங்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேற்று விடிகாலை டியூட்டியில், நீரேற்று நிலையத்தில், ஆற்றுக் குப்பையைத் தடுக்கும் கம்பி வலைமேல் அதுதான் நின்றது. பனிமூட்டத்தில் கொக்கு என்றே நினைத்துவிட்டேன். சத்தத்தில் பறந்துவிடுமே என்று மோட்டாரை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் அசைய அசைய அதுவும் தலையாட்டியது. அவ்வளவு அழகு.

வெளிச்சம் வந்த பிறகுதான் கழுத்தில் முடிச்சு தெரிந்தது. முயல் காது மாதிரி இரண்டு நுனி விட்டு, நம் கடையில் சூப் பார்சலுக்கு நீங்கள் போடும் முடிச்சு. ஊரில் வேறு யாருக்கு அது வரும்? யாரோ அடியைக் கிழித்து ஊற்றிக்கொண்டு வீசியிருக்கிறார்கள்.

ராத்திரி, பைகள் வலையை அடைக்கின்றன என்று நான் சொன்னதற்கு, "நம்ம கடைப் பையா ஆத்தை அடைக்கப் போகுது?" என்று சிரித்தீர்களே, அதற்குத்தான் கத்தினேன். அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்தான்.

மத்தியானம் கடைக்குப் பை விற்பவர் புது மூட்டையோடு வருவார். என்ன சொல்வீர்களோ, உங்கள் பாடு.

பி.கு: கொடியில் மாட்டிய கிளிப்பை எடுக்காதீர்கள். பறந்தால் மறுபடி என்னிடம்தான் வந்து நிற்கும்.