சீட்டிலிருந்த பெயர்

லூயிஷாம்
12.10.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கடை கால்வீக்கம் வத்தீட்டுதோ?

எங்கடை பட்டறைக்கு ஆளுயர இத்தாலிய டபுள் பேஸ், வயலின் மாதிரிப் பெரிய வாத்தியம், ஒண்டு திருத்த வந்தது. உள்ளே ஒட்டின சீட்டிலை செய்தவரின்ரை பெயரும் வருசமும் கையால் எழுதியிருந்தது. ஆனால் அந்த மனுசன் அதுக்கு மூண்டு வருசம் முந்தியே செத்துப்போனாராம். கூட வேலை செய்யிறவை கள்ளச்சீட்டு எண்டு சொல்லிச்சினம்.

"நான் கோபிதரன். நீங்கள் கடைசிப் பெயரெண்டு அப்பான்ரை பெயராலைதானே கூப்பிடுறியள்? இதுவும் மகன் செய்ததாயிருக்கும்" எண்டன். வாத்தியத்துக்குள்ளை சின்ன முகக்கண்ணாடி விட்டுப் பார்த்தால், உள்பலகையிலை மகன்ரை பெயர். சீட்டிலை இருந்த அதே கையெழுத்து.

அண்டையிலிருந்து ஆரும் "தில்லையம்பலம்" எண்டு கூப்பிட்டால், எனக்குப் பின்னாலை இன்னொராளும் திரும்பிற மாதிரிக் கிடக்குது. பயப்படாதேங்கோ. அப்பான்ரை திவசம் எண்டைக்கெண்டு எழுதுங்கோ, கோயிலிலை சொல்லவேணும்.

வேலைக்கு நேரமாச்சு.

உங்கள் அன்பு மகன்,
கோபிதரன்
(இங்கை எல்லாருக்கும் தில்லையம்பலம்)