அப்பா கோர்ட்டில் எழுந்து நின்றது

பெல்லமி க்ரீக், மிசோரி
மே 19

அன்புள்ள நடீனுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், என் பொறுமைதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அலாஸ்காவில் மே மாதத்திலும் பனி விழுகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை, மீன் வெட்டும்போது கையுறையை இரண்டாகப் போட்டுக்கொள், அழகு பார்க்காதே. கோர்ட்டில் நடந்ததைப் போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் உங்கள் தீவுக்குப் போட்டால் பாதியில் அறுந்துபோகிறது, அறுபடாத நேரத்தில் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அதெல்லாம் எதுக்கு அவகிட்ட என்கிறார். அதனால் அவர் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இன்னொரு தடவை சொன்னால்தான் எனக்கு ஆறும். சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த பிக்கப் லாரி மோதி அப்பாவின் இடுப்பு உடைந்தபோது அவருக்குக் கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் இருந்தது, அந்த அட்டையை நானே கவுண்டரில் எடுத்து நீட்டினேன். அதில் கேட்டிருந்தால் ஆஸ்பத்திரியும் இன்ஷூரன்ஸும் தங்களுக்குள் பேசிவைத்திருக்கும் குறைந்த தொகையோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் கார் விபத்துதானே, மோதியவன் பக்கத்திலிருந்து நஷ்டஈடு வரும், முழு விலையையும் அதிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று இன்ஷூரன்ஸை அவர்கள் தொடவே இல்லை. வந்த நஷ்டஈடு நம் கைக்கு வராமல் நேராக அங்கே போனது, அதற்குப் பிறகும் பாக்கி இருக்கிறது என்று துரத்தினார்கள். நீயும் கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு, அங்க நல்ல சம்பளம்மா, ஒரு வருஷம்தான் என்று சொல்லி மீன் ஃபேக்டரிக்கு விமானம் ஏறினாய். அன்றைக்கு அப்பா ஏர்போர்ட்டுக்கு வரவில்லை, இடுப்பு வலிக்கிறது என்றார். இடுப்பா வலித்தது அவருக்கு.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் ரூத்தான் பிக்கெலின் கணவருக்கும் இதே கதிதான் ஆனது. அவள் நம்மைப் போல வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவில்லை, ஒரு வக்கீலைப் பிடித்து, அந்த ஆஸ்பத்திரியில் இப்படி மாட்டிக்கொண்ட எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்காகப் போட்டாள். இழுத்து இழுத்து கடைசியில் ஆஸ்பத்திரி சமரசத்துக்கு வந்தது, வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள், பாக்கியை ரத்து செய்வார்கள், ஆனால் தப்பு செய்தோம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த விவரம் தபாலில் வந்தபோது உன் அப்பா அதைக் குப்பையில் போட்டார். எல்லாம் ஏமாத்துக்காரப் பசங்க, கேக்காம எவன் காசு குடுப்பான் என்றார். நான் அதில் ஒட்டியிருந்த காபித்தூளைத் துடைத்து மேசையில் வைத்தேன், திரும்பவும் போட்டார். பிறகு ரூத்தானே வீட்டுக்கு வந்து, ஏன் வெர்னன், அப்ப நான் ஏமாத்துக்காரியா, உங்க வீட்டு பீச் பழ கேக்கெல்லாம் தின்னுட்டு உங்களையே ஏமாத்துவேனா என்று கேட்ட பிறகுதான் அடங்கினார். அதற்கப்புறமும் பணம் வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முரண்டு பிடித்தார், ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். இத்தனை காலம் குடித்தனம் நடத்தி இந்த மனுஷனிடம் ஒரு ஏனுக்குக்கூட நான் பதில் வாங்கியதில்லை.

சமரசத்தை நீதிபதி ஏற்பதற்கு முன்னால், ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். ரூத்தான் துணைக்குக் கூப்பிட்டாள், போனோம். அப்பா தேவாலயத்துக்குப் போடும் கோட்டை மாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீதிபதி ஒரு பெண், யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது, பார்த்தால் உன் அப்பா எழுந்து நிற்கிறார். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன், உக்காருங்க, எல்லாருக்கும் வர்றதும் நின்னுபோயிடும் என்றேன். ரூத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் என் கையை எடுத்துவிட்டுப் பேசினார். எனக்குக் கோர்ட்டுல பேசத் தெரியாதும்மா, நான் சமையல் கேஸ் லாரி ஓட்டுறவன், எல்லாருக்கும் காசத் திருப்பிக் குடுக்கறாங்க, சந்தோஷம், சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க. ஆனா என் பொண்ணு இந்தக் கடனுக்காகப் படிப்ப விட்டுட்டு அலாஸ்காவுல மீன் வெட்டிட்டு இருக்கா. போகாதேன்னு சொல்ற நெலமைல நான் இல்ல. இப்ப அந்தப் பாக்கிய வேண்டாங்கறாங்க, தப்பும் பண்ணலங்கறாங்க. அப்ப என் பொண்ணு எதுக்குப் போனா? அத யாராவது சொல்லிட்டா நான் உக்காந்துடறேன் என்றார்.

ஆஸ்பத்திரி வக்கீல் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். நீதிபதிதான் கடைசியில், தப்ப ஒத்துக்கோங்கன்னு அவங்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்ல சார், இந்தச் சமரசத்த ஏத்துக்கலாம், இல்ல தள்ளலாம், அவ்வளவுதான் என்றார். பிறகு உங்க பொண்ணு பேர் என்ன என்று கேட்டார். அப்பா சொன்னார், அதைப் பதிவில் ஏற்றச் சொன்னார் நீதிபதி. இத நான் தள்ளணும்னு கேக்கறீங்களா என்றார். அப்பா ரூத்தானைத் திரும்பிப் பார்த்தார். வேணாம், ஏத்துக்கங்க, கேக்கணும்னு இருந்துது, கேட்டுட்டேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சமரசம் அன்றைக்கே நிறைவேறியது. வெளியே வந்ததும் ரூத்தான் அவரைத் திட்டு திட்டென்று திட்டினாள், என் உசுரே போய்த் திரும்பி வந்துச்சு, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றாள், திட்டிக்கொண்டே அழுதாள். இவர் என்ன செய்தார் என்கிறாய், வழியில் வண்டியை நிறுத்திப் புல்வெட்டும் மெஷினுக்கு பெல்ட் வாங்கினார். என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை முன்பின் தெரியாத நீதிபதியிடம் சொல்லிவிட்டு பெல்ட்டின் நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார், எனக்கு எப்படி இருக்கும் சொல்.

நீ போனதிலிருந்து உன் அறை முழுக்கப் பழைய மோட்டார்களை அடைத்து வைத்திருந்தார் அல்லவா, போன வாரம் அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டு, அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி, சுவருக்கு பெயின்ட் அடித்தார். ஏன் என்றேன், அழுக்கா இருந்துது என்றார். பொண்ணு திரும்பி வந்து படிக்கணும்னு ஆசை இருந்தா நீங்களே அவளுக்கு ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சிடுமா என்று கத்திவிட்டேன். நீ எழுது என்றார். என்னன்னு எழுத என்றேன். வந்தா வரட்டும், வரலேன்னா மோட்டாரத் திரும்ப உள்ள வெச்சிக்கிறேன்னு எழுது என்றார். அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். ஆனால் வெளியே மோட்டார் ஒன்றுகூட இல்லை, நடீன், எல்லாவற்றையும் அவர் விற்றுவிட்டார்.

கல்லூரியில் ஜூலை கடைசி வரை திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம், நீ முன்பு படித்து முடித்த பாடங்களும் செல்லுமாம், நான் கேட்டுவிட்டேன், மீதியை நீ போன் செய்து பேசு, தள்ளிப்போடாதே, அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கடவுள் உன்னைக் குளிரிலிருந்தும் கத்தி முனையிலிருந்தும் காத்து, நல்லபடியாக வீட்டு வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா
லொரெட்டா