ஆறாவது கார்

என் தங்கத் தம்பி தணிகாசலத்துக்கு,

சேலத்திலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் ரோட்டைத் திட்டு, என்னைத் திட்டாதே. மடியில் ஒரு துணிப்பை இருக்கிறது. அதற்குள் பழைய வேட்டியில் சுற்றிய, இரண்டு கியருக்கான பல்சக்கரங்கள். கனத்தில் தொடை மரத்துப்போய்விட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் பலாப்பழமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பின் சீட்டில் உன் இலியாஸ் டூல் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருகிறான். உன்னோடு சேர்ந்து உன் பந்தயக் காரைக் கட்டியவன், இரண்டு மணி நேரப் பந்தயங்களில் பாதி நேரம் உனக்கு மாற்றாக ஓட்டியவன், நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவனைப் பார்ப்பதில்லை. தப்பு செய்தது நாங்கள் இரண்டு பேரும்தான். எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து நம் பந்தயக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவனையே போடச் சொல்லப் போகிறேன். எல்லாரும் படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. வியாபாரத்தை நான்தான் பார்க்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு இறங்குவது நிற்கவில்லை. வெள்ளிமலை ரோட்டில் நீ ஓட்டிய லோடு வண்டியை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறார். ஒவ்வொரு வளைவுக்கும் பயந்து பயந்து பிரேக்கை மிதிக்கிறார். நீ கச்சிராயபாளையம் வந்து சேர்ந்து டீ குடித்து முடிக்கிற நேரத்தில் இவர் பாதி மலைகூட இறங்கியிருக்க மாட்டார். பொறுப்பான மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவரைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

நிற்கப் போவது உன் பந்தயம்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததா? நம் ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ். அவற்றைச் செய்த கம்பெனி கையை விரித்துப் பல வருடமாகிறது. அப்புறம் நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? ஒருவர் ஓட்டுவதை நிறுத்தினால் அவர் காரை இன்னொருவர் வாங்கிப் பிரித்து, ஸ்பேருக்கு வைத்துக்கொண்டீர்கள். உன் கார் ஓட வேண்டும் என்று நீயே இரண்டு காரைப் பிரித்துப் போட்டாய். அதில் ஒன்று பாண்டிச்சேரி டாக்டருடையது. நல்ல கார், அடுத்த வருடமும் ஓடியிருக்கும். "எதுக்குடா அதப் போய் ஒடைக்கிற" என்று கேட்டேன். "நான் ஒடைக்கலன்னா வேற எவனாச்சும் ஒடைப்பான்க்கா" என்றாய். எல்லாரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நிற்க இடமில்லாமல் வரிசை கட்டி நின்ற கார்கள் இப்படித்தான் குறைந்தன.

கடைசியில் மிச்சம் ஆறு. சென்னையில் இரண்டு, பெங்களூரில் ஒன்று, கோயம்புத்தூரில் ரங்கராஜ், ஓசூரில் ஜோசப் சார். ஆறாவது கள்ளக்குறிச்சியில் நம் ஷெட்டில், தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. பந்தயம் நடத்துகிறவர்கள் இந்த வருடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இந்த வருடத்தின் முதல் பந்தயத்தில் ஆறு கார்களாவது ஸ்டார்ட் ஆக வேண்டும். ஒன்று குறைந்தாலும் இந்த வருடம் ரத்து. அடுத்த வருட அட்டவணையில் இந்தப் பந்தயத்தின் பெயரே இருக்காதாம். உன் காரை இலியாஸ் ஓட்டுவதாகப் பெயர் கொடுத்திருந்தோம்.

போன வாரம் ரங்கராஜ் ஷெட்டுக்கு வந்தான். அவன் வருவான் என்று நீ ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொன்னாய். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். "அக்கா, நான் போயிட்டா ரங்கராஜ் வருவான் பாரு. ஒரு போல்ட்டுகூட அவனுக்குக் குடுக்காத." சரி என்றேன். அன்றைக்கு நீ எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மறுநாள் உன் நெஞ்சு நின்றுபோயிற்று.

உன் கோபம் நியாயமானது. பட்டத்துக்கு நீயும் அவனும் மோதிய அந்த வருடம் கடைசிப் பந்தயத்தில் உன் ஆல்டர்னேட்டர் எரிந்து, கரண்ட் இல்லாமல் கார் நின்றபோது அவன் பெட்டியில் புதிதாக ஒன்று இருந்தது. நான்தான் போய்க் கேட்டேன். இல்லை என்றான். பட்டம் அவனுக்குப் போயிற்று.

போன வாரம் வந்தவன் உன் காரைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"அக்கா, என்ர கியர்பாக்ஸ் போயிருச்சுங்க. தணிகா வண்டியில இருக்கறத குடுத்தீங்கன்னா ஞாயித்துக்கிழமை நான் வந்துருவேனுங்க."

"குடுத்தா அவன் வண்டி எப்பிடி ஓடும்?"

அவன் தார்ப்பாயைப் பார்த்தான்.

"உன் வண்டி ஓடுனா அஞ்சு. அவன் வண்டி ஓடுனாலும் அஞ்சு. ஆறு எங்கருந்து வரும், சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு அந்த ஆல்டர்னேட்டர நான் குடுத்திருக்கோணுங்க அக்கா" என்றான். நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். அவன் திமிராகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் தெரியுமா? திட்டி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

இலியாஸ்தான் வழி சொன்னான். "உங்க ஒடஞ்ச பாக்ஸ எடுத்தாந்து போடுங்க சார். அதுல இன்னா மிச்சம் கீதுன்னு பாத்துடலாம்." ரங்கராஜ் மறுநாளே கொண்டுவந்து இறக்கினான். திறந்து பார்த்தால் முதல் கியரும் இரண்டாவது கியரும் பல் உதிர்ந்து கிடந்தன.

"மேல இருக்கிற கியருங்க நல்லா கீதுக்கா. தள்ளி வுட்டா போதும், முன்னாடி போற பைலட் கார் பின்னாடி ஓடிக்கினே தான ஸ்டார்ட்டு. தேர்டுலயே ஓட்டிக்கலாம். மெதுவா போவும், ஆனா போவும்."

அப்படியென்றால் நல்ல பாக்ஸ் ரங்கராஜுக்கு, உடைந்த பாக்ஸ் உனக்கு. ஆறு கார் வந்துவிடும்.

கொடுத்துவிட்டேன், தணிகா. ஒரு போல்ட்கூடக் கூடாது என்றாய், நான் முழு கியர்பாக்ஸையே தூக்கிக் கொடுத்தேன். இலியாஸ் கழற்றும்போது அங்கே நிற்க முடியாமல் வெளியே போய் லோடு எண்ணுகிற மாதிரி நின்றேன். அன்றைக்கு லோடே வரவில்லை. உன்னிடம் கொடுத்த வாக்கு பெரிதா, உன் பந்தயம் பெரிதா? எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் குரூப்பில் சொல்லுங்கள்.

இதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

'மெதுவா போவும்' என்று அவன் சொன்னது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உன் கார் எல்லாருக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு வருவதும், மற்றவர்கள் அதை ஒதுக்கிவிட்டு ஒதுக்கிவிட்டுப் போவதும் கண்ணில் வந்தது. சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் இலியாஸைப் பிடித்துக் கத்தினேன். "என் தம்பி வண்டி நொண்டிக்கினு போறத நான் நின்னு பாக்கணுமா? எங்கயாச்சும் போய் அந்த ரெண்டு கியர வாங்கினு வா. எவன்கிட்டயாச்சும் இல்லாமலா பூடும்?"

போனான். நேற்றுத் திங்கட்கிழமை காலையில் இந்தப் பையோடு சிரித்துக்கொண்டு வந்தான். எனக்கும் சந்தோஷம்தான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன், யாரிடம் வாங்கினாய் என்று.

"ஓசூர்ல ஜோசப் சாருகிட்டக்கா."

"அவுருக்கு வாணாமா?"

"ரங்கராஜ் வண்டி படுத்துட்ச்சுன்னு கேள்விப்பட்டாராம். அப்ப அஞ்சு வண்டிதான, ரேஸு நடக்காதுன்னு அவுரே முடிவு பண்ணிட்டாரு. பாக்ஸு ஒண்ணும் கெடல, நல்லாதான் இருந்துச்சு. கேட்டேன், எறக்கிக் குடுத்துட்டாரு."

"ரங்கராஜ் வண்டி ஓடுதுன்னு நீ சொல்லலயா?"

இலியாஸ் கிளாஸைக் கீழே வைத்தான். சொல்லவில்லை. கியர் கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு மட்டும் தோன்றியதா? மிச்சம் இருப்பதே ஆறு கார். யாரிடமாவது நல்ல கியர் இருக்கிறது என்றால் அது ஓடுகிற காருக்குள்தான் இருக்கும். இது சின்னக் கணக்கு. ஆறாவது கார் நன்றாக ஓட வேண்டும் என்று ஐந்தாவது காரைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டோம். மறுபடியும் ஐந்து.

ஜோசப் சாருக்குப் போன் போட்டு, ரங்கராஜ் கார் ஓடும், கியரைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன். உனக்குத் தெரியும், அவர் அதிர்ந்து பேச மாட்டார். "எஞ்சினையும் எறக்கிப் பிரிச்சுட்டேன்மா. பெங்களூர்க்காரர் நாலு வீலையும் கேட்டிருக்கார், புதன்கிழமை வந்து எடுத்துக்கறேன்னார். இனிமே இது எங்கம்மா நடக்கப் போகுது? நீங்க அலையாதீங்க" என்றார். பெங்களூர்க்காரரும் அந்த ஆறு பேரில் ஒருவர்தான். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எண்ணிக்கை ஐந்து என்று கேள்விப்பட்ட உடனே ஒவ்வொருவரும் ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுகிறீர்களே, ஏன்? போட்டிக்கு ஆளே இல்லாத ரோட்டில் அந்த வீலை மாட்டிக்கொண்டு யாரோடு ஓட்டப் போகிறீர்கள்?

நீ இருந்தால் தடுத்திருப்பாயா? உண்மையைச் சொல். நீயும் வீல் கேட்டுப் போன் போட்டிருப்பாய்.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. காலமெல்லாம் இந்தப் பந்தயத்தைச் சபித்தவள் நான். இவன் கல்யாணம் நடக்காமல் போனதற்கே இந்தக் கார்தான் காரணம் என்று நைனார்பாளையம் சொந்தக்காரர்களிடமெல்லாம் புலம்பியவள். நீ எந்த இடத்தில் வருகிறாய், இன்னும் எத்தனை சுற்று என்று எழுதிச் சுவரோரம் நின்று போர்டு காட்ட ஆரம்பித்ததுகூட, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்கிற நினைப்பில்தான். இன்றைக்கு அது நிற்கக் கூடாது என்று பஸ் ஏறிப் போகிறேன். ஏன் தெரியுமா?

வீட்டில் உன் பெயரை எடுத்தால் எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆனால் போன வருடம் நீ இல்லாத முதல் பந்தயத்துக்கு நான் போயிருந்தேன். அங்கே ஒருவன் இன்னொருவனிடம், "தணிகா இந்த வளைவுல இவ்ளோ சீக்கிரம் பிரேக் புடிக்க மாட்டான்" என்றான். புடிக்க மாட்டான் என்றான், தணிகா. நீ பக்கத்து ஷெட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருப்பது போலச் சொன்னான். நான் அப்படியே நின்றுவிட்டேன். உன்னைப் பற்றி அப்படிப் பேசுகிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது மாலை போட்ட உன் போட்டோ மட்டும்தான். என்னால் அது முடியாது.

இந்த ஞாயிறு நடந்தாலும் எத்தனை நாளைக்கு? அடுத்த பந்தயத்தில் ஒரு பாக்ஸ் உடைந்தால் மாற்றுவதற்கு இந்த நாட்டில் இன்னொன்று கிடையாது. விளம்பரம் கொடுத்தவர்கள் போன் எடுப்பதில்லை. புதிதாகப் பந்தயத்துக்கு வருகிற பிள்ளைகள் வேறு கார்களுக்குப் போகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தெரிந்துதான் போகிறேன். ஜோசப் சார் என்ன சொல்வார் என்று மட்டும் தெரியவில்லை. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிற மனிதர் இல்லை அவர். டீ கொடுத்து, சாப்பிடச் சொல்லி, பஸ்ஸேற்றி அனுப்பிவிடுவார். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

பஸ் கிருஷ்ணகிரி தாண்டிவிட்டது. இப்போதுதான் இலியாஸ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அக்கா, இன்னிக்கே ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமைக்குள்ள எஞ்சின ஏத்திடுவேன். அவுரு மனசு வெச்சா" என்றான். அப்புறம், "நம்ம வண்டி நொண்டிக்கினுதான் போவும், பரவாயில்லையா" என்று கேட்டான். பரவாயில்லை என்று சொன்னேன். மனசில்லாமல்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

குரூப்பில் இதைப் படிக்கிறவர்களே, பெங்களூர்க்காரத் தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாரும் யாருடைய காரிலும் கை வைக்காதீர்கள். நாளைக்கு ஓசூர் வராதீர்கள். வந்தால் வீல் மேல் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

தணிகா, உனக்குக் கொடுத்த ஒரு வாக்கை மீறிவிட்டேன். அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன். இந்தக் கியர் சக்கரங்கள் ஜோசப் சார் பாக்ஸுக்குள் திரும்பப் போய், அந்தக் கார் தானாக ஒரு அடி முன்னால் நகர்வதைப் பார்க்காமல் அவர் ஷெட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். எழுப்பிப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உன் கார் கடைசியாகத்தான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக வரும். நான் சுவரோரம் நின்று, ஆறு என்று பெரிதாக எழுதி, அந்த போர்டை அதற்குக் காட்டுவேன்.

உன் பேச்சை மீறிய, மீறியும் உன்னை விடாத,
உன் அக்கா
கற்பகம்