ஏழாம் மதகுக்கு இரண்டு கிலோமீட்டர்

14 நவம்பர் 2093, 06:20
படகு: நண்டு. ஆள்: ஒருத்தி. தமயந்தி, கால்வாய் உப்பு ஆய்வாளர். படகு என் சொந்தப் படகு, அரசாங்கம் கொடுத்ததென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இடம்: ஏழாம் மதகுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், கால்வாய் வளைவு. நீரில் உப்பு வழக்கம்போல். காற்று 40 கி.மீ. புயல் கடலில் நிற்கிறது. ஏழாம் மதகைத் தாண்டி மேட்டு வாய்க்காலுக்குள் போய்விட்டால் பிழைத்தேன். மதகின் மின்கலத்தில் ஒரு முறை திறக்கத்தான் தெம்பு இருக்கிறது, ஒரு படகுதான் கொள்ளும். அது எனக்கு என்று எட்வின் சொல்லிவிட்டான். மதகுக் காவலன், கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்ச்.

06:50
வானொலியில் எட்வின்: "தமா, இப்ப மதகுக்கு வராத. காத்து தணியட்டும், வளைவுலயே இரு. நான் கூப்பிடுறேன். சரி, போறேன்."
இருபத்தாறு வருடத்தில் "போயிட்டு வரேன்" சொல்லாமல் அவன் பேச்சை முடித்ததில்லை. திட்டலாம் என்றால் இணைப்பு போய்விட்டது. வாய் குழறியிருக்கும்.

15 நவம்பர், 16:10
காற்று 90. மூன்று முறை கூப்பிட்டேன். "இன்னும் அரை மணி நேரம் தமா. போயிட்டு வரேன்." நடுவில் ஒரு இருமல், ஆனால் இன்று ஒழுங்காகச் சொல்கிறான். ஊறவைத்த அவல் தின்றேன். எரிச்சலாக இருக்கிறது.

16 நவம்பர், 11:05
பம்ப் நின்றுவிட்டது. வாளியால் இறைக்கிறேன். அவன் மகளுக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டேன். "இன்னும் அரை மணி நேரம் தமா. போயிட்டு வரேன்." பெஞ்சில் யார் பெயரைச் செதுக்கினோம் என்று கேட்டேன். அதே பதில், அதே இருமல். மதகுக்குக் கிளம்புகிறேன்.

15:30
காற்றை எதிர்த்து இரண்டு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். மதகில் ஆள் இல்லை. கதவுத் திரையில் இருக்கிறது: "14 நவம்பர், 07:10. ஒரு படகு, நான்கு பேர். மின்கலம் காலி." எட்வின் வீட்டில் பிள்ளைகளோடு நான்கு பேர். காவல் அறை ஜன்னல் வழியே பார்த்தேன். மேசைமேல் வானொலி, பக்கத்தில் அவன் குரலில் பேசும் பெட்டி.
பிள்ளைகளுக்காக என்று கேட்டிருந்தால் நானே வழிவிட்டிருப்பேன். அன்று காலை காற்று நாற்பதுதான், எட்டாம் மதகுக்கு ஓட்டியிருப்பேன். நான் வந்து நிற்பேன் என்று பயந்து என்னை வளைவில் உட்கார வைத்துவிட்டான். பாவி. பெட்டிக்கு மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் வாயில் வந்த ஒரே உண்மை அந்தப் "போறேன்"தான். அது எனக்கு உறைக்கவில்லை.

17:40
தண்ணீர் முழங்காலுக்கு மேல். படகை மதகில் கட்டிய கயிறு அறுந்தது. பெட்டி இன்னும் அரை மணி நேரம் என்கிறது. குறிப்பேட்டை மிதவையில் கட்டுகிறேன்
கண்டெடுப்பவர் எட்வினைப் பார்த்தால் சொல்லுங்கள். தமயந்தி போயிட்டு வரேன்னு சொன்னாள்.