மிதவைக்காரியின் தோள் தழும்பு

டிச. 28, ஞாயிறு

என் மிதவைக்காரியை இளவரசி ஆக்கிவிட்டார்கள். திருட்டுக் கும்பல்.

காலையில் பனி. செம்பாக்கம் ஏரிக்கரை, ஏழு மணி. வந்தது ஒன்பது பேர். ஒருத்தர் தெர்மாஸில் டீ. கொசு.

கோபத்தில் எழுதினால் பிறகு எனக்கே புரியாது. வரிசையாக.

நாங்கள் எல்லோரும் ஒரு ஃபோன் கேமின் ரசிகர்கள். கேமில் ஏழு ஏரி இருந்தது, கதை இல்லை. ஆளாளுக்குக் கதை கட்டிக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று வருஷம் முன்பு கம்பெனி கேமை ஒரே நாளில் மூடியது. நாங்கள் எழுதிப் போட்டதும் அதோடு போனது. அன்றைக்குப் போட்ட சட்டம்: இனி நாம் எழுதுவதை யாரும் அழிக்கக் கூடாது. புது அத்தியாயத்துக்கு மூன்று பேர் கை வைக்க வேண்டும். குழுவில் என்றால் ‘கை’ என்று எழுதினால் போதும். நேரில் என்றால் ஃபோன் மேல் ஒருவர் கை மேல் ஒருவர் கை. மூன்று கை விழுந்தால் அது ஏழேரி நாட்டின் உண்மை. முரண்பட்டால் பழையதை எடுக்கக் கூடாது. புதிதாகச் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

மிதவைக்காரி நான் எழுதியவள். ஊர் மூழ்கும்போது சுரைக்குடுக்கைகளைக் கதவில் கட்டி, கயிற்றைத் தோளில் போட்டு, கழுத்தளவு தண்ணீரில் ஆட்களை இழுத்துப் போகிறவள். பெயர் இல்லை. தோளில் ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான் எழுதினேன்.

இன்று விக்ரம் வாசித்த புது அத்தியாயம்: அந்தக் கறுப்புக் கோடு மச்சமாம். ஏழு அரச குடிகளில் மூத்த குடியின் மச்சமாம். அவள் தொலைந்துபோன இளவரசியாம். பெயர் ஆழிநங்கை.

"சூப்பர்ணா!" கைகள் படபடவென்று விழுந்தன. மூன்று போதும். ஆறு விழுந்தது.

விக்ரம் ஐ.டி. ஆள். குழுவின் அட்மின். நாற்பத்தொரு பேருக்கும் அண்ணா. எல்லா அத்தியாயத்தையும் வரிசைப்படுத்தி வைத்திருப்பவன். கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"கலை, ஃபீல் பண்ணாதீங்க. லாஜிக் இடிச்சுது, அதான். ஒன்பதாவது அத்தியாயத்துல என்ன இருக்கு? ஏழு குடி ரத்தம் இருந்தாதான் தண்ணி பேச்சைக் கேக்கும். இவ பேச்சைக் கேட்டுச்சே?"

"தண்ணி கேக்கல. குடுக்கை மிதந்துச்சு."

"அவ்ளோ வெள்ளத்துல எப்படிங்க மிதக்கும்?"

"உள்ள காத்து இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்துவிட்டார்கள்.

டிச. 29, திங்கள்

மூட்டம். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் ஹோம் கலெக்‌ஷன், ஏழு வீடு. சர்க்கரை 4, தைராய்டு 2, கொழுப்பு 1. லேபுக்குத் திரும்பும்போது ஐஸ் பெட்டி மூடி ஒருபக்கம் உடைந்திருந்தது. டேப் ஒட்டினேன்.

ராஜகீழ்ப்பாக்கம் அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேன்: "நீங்கல்லாம் அந்த லிஃப்ட்டும்மா." அந்த லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறினேன். மேலே இருந்த அம்மாவுக்கு நரம்பே கிடைக்கவில்லை. "பாத்து எடும்மா, எங்க குடும்பத்துலயே ரத்தம் கொஞ்சம் கெட்டி" என்கிறாள். பெருமையாக. நான் மூன்று வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். எல்லாருடையதும் அதே நிறம்தான், அதே ட்யூப்தான், மூடியின் நிறம்தான் டெஸ்ட்டுக்கு டெஸ்ட் வேறு. ஒருத்தர் ட்யூபிலும் குடி தெரிந்ததில்லை.

மதியம், லேபில் சாப்பிட்டபடி ஒன்பதாவது அத்தியாயத்தைத் திறந்தேன். ரத்தச் சட்டத்துக்கு எந்த மூன்று ராஸ்கல் கை வைத்தான் என்று பார்க்க.

1. விக்ரம்
2. நிவேதா
3. கலை

நான்.

தேதியைப் பார்த்தால் ஞாபகம் வந்தது. அப்போது கிண்டியில் பயிற்சி. சாயந்தர எலக்ட்ரிக் ட்ரெயின், பல்லாவரம் வரை நிற்க இடம் இல்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஃபோன். நிவேதா, "மூணாவது கை யாராச்சும் போடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். படிக்காமல் போட்டேன். கட்டை விரலால்.

பாதி சோறு மிச்சம். டப்பாவை மூடிவிட்டேன்.

டிச. 31, புதன்

லேசான தூறல். ஸ்கூட்டிக்கு பிரேக் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தைலம்.

மேற்கு தாம்பரம் மார்க்கெட். ஷபீர் கடை. அவனும் அண்ணனும் செல்ஃபோன் சர்வீஸ். ஏழேரி நாட்டின் வரைபடம் முழுக்க அவன் போட்டது. குழுவில் நான் முடிச்சூர் என்பதும் எந்தத் தெரு என்பதும் தெரிந்த ஒரே ஆள். மற்றவர்கள் கேட்டதில்லை. அதற்காகவே அந்தக் குழு எனக்குப் பிடித்தது. அங்கே நான் ‘கலை, நாலு அத்தியாயம் எழுதினவள்’. அவ்வளவுதான்.

"இன்னா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். ஒன்பதாவது அத்தியாயத்தையும் சொன்னேன்.

"நீதான் கை வெச்சியா? த்தோடா!" டிஸ்ப்ளேவைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "சரி, வுடு. அழிக்க முடியாது. சட்டம். நம்ம போட்ட சட்டம்தான அது. கேம் மூடுனப்ப நீ அழுதது மறந்துட்ச்சா?"

"மறக்கல."

"அப்ப சேத்து எழுது. மேல ஒண்ணு எழுதிப் போடு. நான் ஒரு கை வெக்கிறேன்."

"இன்னொரு கை?"

"நாப்பது பேர்ல ஒர்த்தன் இருக்க மாட்டானா?"

ஜன. 4, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

குழுவில் விக்ரம்: "கைஸ், செம நியூஸ்! எங்க அபார்ட்மெண்ட் பொங்கல் விழாவுல ஆழிநங்கை கதையைக் குழந்தைங்க நாடகமா போடறாங்க. பதினொண்ணாம் தேதி சாயந்தரம். எழுதினவங்க எல்லாரும் வரணும், முன்வரிசை ரிசர்வ்டு."

விக்ரம் வீடு முடிச்சூரில் என்று தெரியும். எந்த அபார்ட்மெண்ட் என்று அவன் போட்ட லொக்கேஷனைப் பார்த்து இன்றுதான் தெரிந்தது. அம்மா வேலை செய்யும் இடம். ஏ பிளாக்கில் இரண்டு வீடு, பி பிளாக்கில் ஒன்று, எல்லா மாடிப்படியும்.

அந்த இடம்தான். 2015இல் தண்ணீர் வந்த இடம். எனக்குப் பன்னிரண்டு வயது, ஸ்கூல் மாடியில் என்னை விட்டுவிட்டு அம்மா திரும்பிப் போனாள். வாட்ச்மேன் ரூம் பக்கம் காலி தண்ணீர் கேன்கள் மிதந்துகொண்டிருந்தன. இருபது லிட்டர் கேன். துணி காயப்போடும் கயிற்றால் ஒரு கதவின் அடியில் அவற்றைக் கட்டினாள். கீழ்த்தளத்து ஆட்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து மெயின் ரோடு வரை இழுத்தாள். பகல் முழுக்க. கயிறு தோளை அறுத்தது. இன்னும் கறுப்பாக இருக்கிறது. ரவிக்கை மறைக்கும்.

தண்ணீர் வடிந்த நாலாம் நாள் அம்மாவுக்கு பி பிளாக் டீச்சரம்மாவிடமிருந்து ஃபோன். நன்றி சொல்லத்தான் என்று நான் நினைத்தேன். "செல்வி, வீடு பூரா சேறு. எப்ப வர்ற?"

இதில் எந்த இடத்தில் இளவரசி வந்தாள்?

விக்ரமுக்குத் தனியாக எழுதினேன்: அந்த மச்சம் சீன் மட்டும் வேண்டாம். பதில் உடனே: "ஐயோ கலை, கிரீடம் வெக்கிற சீன்தான் கிளைமாக்ஸ். பசங்க அதுக்குத்தான் சண்டை போடறாங்க." நீங்கள் 2015இல் அங்கே இருந்தீர்களா என்று கேட்டேன். "இல்லப்பா, நாங்க 2019லதான் வாங்கினோம். இப்பல்லாம் தண்ணி வராது. ஏன்?"

ஒன்றும் இல்லை என்று எழுதினேன். கோழை.

ஜன. 8, வியாழன்

லேபில் ரத்தம் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் மக்கர். மதியம் வரை ரிப்போர்ட் இல்லை, எல்லாரிடமும் திட்டு.

சாயந்தரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேம், குழு, கை, நாடகம் எல்லாம் விளக்க அரை மணி நேரம்.

"என்னைப் பத்தி எழுதுனியா? நான் இன்னா பண்ணேன்?"

"கேன் கட்டி இழுத்தியே."

"அதப் போயா?" சிரித்தாள். பிறகு கீரையைக் கீழே வைத்தாள். "பேரு போட்டியா?"

"இல்ல. அன்னைக்குச் சொல்லிடறேன்மா. எல்லாரும் இருப்பாங்க. மேடைக்குப் போயி, இது செல்வி பண்ணதுன்னு..."

"வாய மூடு. திங்கக்கிழம அந்த வூட்டுக்குத்தான் நான் வேலைக்குப் போவணும். ‘இவ இன்னா சொல்லிக் காட்டுறா’ம்பாங்க. என் பேரு எங்கயும் வரக் கூடாது, கலை. சத்தியம் பண்ணு."

பண்ணவில்லை. ஆனால் பெயரைப் போட மாட்டேன். அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அங்கே வேலை. நாற்காலி போட, எடுக்க.

ஜன. 11, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

ஐந்து மணி. வாசலில் கரும்பு, பலூன். ஸ்பீக்கர் கொய்ங். முன்வரிசையில் ‘எழுத்தாளர்கள்’ என்று தாள் ஒட்டிய நாற்காலி. நான், ஷபீர், நிவேதா, இன்னும் நாலு பேர். அந்த நாற்காலியைப் போட்டது அம்மா. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முன்பே பேசிவைத்தது. அவள் சொன்ன ஏற்பாடு அது.

நாடகம் இருபது நிமிஷம். நீலச் சேலைதான் வெள்ளம். தெர்மாகோல் குடுக்கை. மிதவைக்காரியாக ஐந்தாம் வகுப்புப் பெண், நன்றாகவே நடித்தது. கிழவராக வேஷம் போட்ட பையன் மிதவையில் ஏறும்போது கேட்கிறான்: "நீ யாரம்மா? உன்னைத் தொடலாமா?" இது நான் எழுதாத வசனம். உடனே அவள் தோளை அரசர் பார்க்கிறார். ஜிகினாவால் வரைந்த மச்சம். "இவள் நம் குலத்துப் பெண்!" கிரீடம். கிழவன் நிம்மதியாகக் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

கைதட்டல். எனக்குப் பின்னால் பி பிளாக் டீச்சரம்மா. உண்மையான கேனில், உண்மையான கதவில் உட்கார்ந்து வந்தவள். "எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க! நம்ம ஃப்ளட் ஞாபகம் வந்துடுச்சு," என்று பக்கத்தில் சொன்னாள். "அப்ப நம்மளை யாரு கூட்டிட்டுப் போனாங்க? ஃபயர் சர்வீஸா?"

நான் எழுந்தேன். ஷபீர் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். "வோணாம். அம்மா பாக்குறாங்க."

பார்த்தாள். தண்ணீர் டிரம் பக்கத்தில், கையில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு நாற்காலி. தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம்.

உட்கார்ந்தேன்.

விக்ரம் எனக்குப் பொன்னாடை போட்டான். நீலம்.

எட்டு மணிக்கு அம்மாவோடு நடந்து வந்தேன். கையில் பேப்பர் பிளேட்டில் சர்க்கரைப் பொங்கல், அவர்கள் கொடுத்தது. தெருமுனை தாண்டினோம். அம்மா:

"அந்தப் பொண்ணு நல்லா பண்ணுச்சுல்ல?"

"ம்."

"நானும் அப்டித்தான கட்டுனேன். கதவுக்கு அடியில." கொஞ்சம் நடந்தாள். "அவ ராணியாம்ல. அதான் எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க."

எனக்குத் தெரு தெரியவில்லை. ரோட்டில் நின்று பொன்னாடையால் மூக்கைத் துடைத்தேன். "அய்ய, புதுத் துணி" என்றாள்.

ஜன. 12, திங்கள்

பனி. ஹோம் கலெக்‌ஷன் மூன்றுதான். நாளைக்கு ஐஸ் பெட்டி மாற்றித் தருகிறார்களாம்.

அம்மா வழக்கம்போல் ஆறு மணிக்கு வேலைக்குப் போனாள். மேடையில் கொட்டிய ஜிகினாவைப் பெருக்க வேண்டுமாம்.

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே வண்டியை நிறுத்தி, அங்கேயே எழுதிப் போட்டேன். 10:20. எதையும் அழிக்கவில்லை. சட்டப்படி சேர்த்தேன்:

‘ஆழிநங்கையின் தோளில் இருந்தது மச்சம் அல்ல. கயிறு அறுத்த தழும்பு. அரசர் தவறாகப் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லோரும் தவறாகப் பார்த்தார்கள். அவள் எந்தக் குடியும் இல்லை. தண்ணீர் யார் பேச்சையும் கேட்கவில்லை. குடுக்கைக்குள் காற்று இருந்தது. அவளே இழுத்தாள். வெள்ளம் வடிந்த நாலாம் நாள், அவள் காப்பாற்றிய வீட்டுக்காரர்கள் சேறு அள்ள அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போனாள்.’

கீழே: "ஒன்பதாவது அத்தியாயத்துக்குப் படிக்காமல் மூன்றாவது கை வைத்தவள் நான். தப்பு என்னுடையது. இதை நீங்கள் படித்துவிட்டு வையுங்கள்."

10:21 கை: கலை.
10:24 கை: ஷபீர்.

10:40 பார்த்தவர்கள் பதினேழு பேர்.

11:15 நிவேதா டைப் செய்கிறாள். நிறுத்திவிட்டாள். மறுபடி டைப் செய்கிறாள். நிறுத்திவிட்டாள்.

12:30 விக்ரம் நேற்றைய ஃபோட்டோக்களைப் போட்டான். கிரீடம் வைக்கும் படம். அதற்குக் கீழே இருபத்திரண்டு இதயம். ஃபோட்டோவின் மூலையில், டிரம் பக்கத்தில், அம்மாவின் பாதி முகம்.

2:00 யாரோ: "அட்வான்ஸ் ஹேப்பி பொங்கல் மக்களே!"

4:45 பார்த்தவர்கள் முப்பத்தொன்பது பேர். என்னையும் ஷபீரையும் சேர்த்தால் எல்லோரும்.

4:50 எழுதினேன்: "இன்னும் ஒரு கை வேண்டும். இது உண்மை இல்லை என்றால் எந்த வரி பொய் என்று சொல்லுங்கள். உண்மை என்றால் கை வையுங்கள். விக்ரம், நீங்களே வையுங்கள்."

5:30

6:10 கை இரண்டுதான்.

7:00 அம்மா வந்துவிட்டாள்.