அம்மாவுக்கு எந்தக் காப்பி மெஷின்?

ஜனவரி 11, சனி

காலையில் புல் மேல் பனி உறைந்து வெள்ளை. விரல்கள் விறைப்பு. துரை சீமைக்குத் திரும்புகிறார். பங்களா சாமான்கள் விற்பனை. அம்மாவுக்குக் காப்பி மெஷின் வாங்கப் போனேன். முதல் தடவையாக முன்வாசல் வழியாக. யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் கால் பின்பக்கத்துக்கே திரும்பியது.

தேயிலைத் தோட்டத்துத் துரை குடித்ததெல்லாம் காப்பி! மெஷின் இரண்டு.

பெரியது: கரண்டில் ஓடும். கண்ணாடிப் பளபளப்பு. நீளப் பிடி.

சின்னது: எட்டுப் பட்டை அலுமினியக் கேத்தல். அடுப்பில் வைப்பது. கீழே தண்ணீர், நடுவில் தூள். ஆவி தள்ள, காப்பி மேலே ஏறும்.

சமையல்கார மைக்கல் அப்பு பெரியதை ஓட்டிக் காட்டினார். பிடியை அழுத்தி விட்டார். அது தானாகவே மெல்ல எழுந்தது. தேன் போல் காப்பி, மேலே பொன்நிற நுரை. ஒரு வாய் குடித்தேன். அடேயப்பா!

"இதையே எடுங்க டீச்சர். குவாட்டர்ஸ்ல கரண்டு இருக்குல்ல?"

இருக்கிறது. ஹட்டன் டவுன் பள்ளிக்கூடத்தில் புது வேலை, குவாட்டர்ஸில் இரண்டு அறை. அடுத்த வாரம் போக வேண்டும். அம்மாதான் வரமாட்டேன் என்கிறாள். கொழுந்து பறிக்கிற வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும், மகள் வீட்டில் ஒண்டுவதா என்று.

நாளை சொல்வதாக அப்புவிடம் முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

தூறல். பெரிய மெஷினைப் பற்றி அம்மாவிடம் ஆசை ஆசையாகச் சொன்னேன்.

"கரண்டுல காப்பியா? ஒன் வீட்டுல வச்சுக்க பாப்பா. வந்தா பாத்துட்டுப் போறேன்."

ஒன் வீடு. குத்தியது.

மாலையில் சின்னதை வாங்கி வந்தேன். அப்பு முகத்தில் ஏமாற்றம். எனக்கும் கொஞ்சம். அந்த நுரை!

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வெயில்! நான் பொங்கல் கொடுக்க அடுத்த காம்பராவுக்குப் போன நேரத்தில் அம்மாவே மெஷினை அடுப்பில் ஏற்றிவிட்டாள். மல்லியும் சுக்கும் சேர்த்து மாவாய் இடித்த நம் வீட்டுத் தூள். அதையும் கட்டைவிரலால் அமுக்கி. ஆவிக்கு வழியில்லை. மெஷினின் பக்கவாட்டுச் சின்ன ஓட்டையால் சீறி ஒரே விசில்.

அடுத்த காம்பரா பாப்பாத்தி அக்கா ஓடி வந்தார். "என்னா மதினி, பொங்க நாளுலயும் வேலைக்குக் கூப்புட்டுப் பெரட்டுச் சங்கு ஊதுறானா?"

"போடி! ஒன்னய மாதிரியே அதுவும் கத்துது."

மறுபடி இடித்தோம், கொரகொரவென்று. மல்லி சுக்கை மட்டும் அம்மா விடவில்லை. இந்தத் தடவை கபகபவென்று காப்பி ஏறியது. மூடியைத் திறந்து குனிந்தபடியே நின்றாள்.

"கீழ ஊத்துனது மேல வருதே பாப்பா!"

பெரியதன் நுரை இல்லை. ஆனால் என்ன மணம்! லயம் முழுக்க. அம்மா இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள்.

பிறகு மெஷினைக் கழுவித் துடைத்து, பழைய சேலைத் துணியில் சுற்றி, என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அது ஒனக்கு வாங்குனதும்மா."

"தெரியும். அங்க வெறகடுப்பா, மண்ணெண்ண அடுப்பா?"

"மண்ணெண்ண."

"எனக்கு அதப் பத்தவைக்கத் தெரியாதே. போனதும் சொல்லிக் குடு."