பாட்டில் மூன்றில் நெயில் பாலிஷ்

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். அரியலூர் தெரு முழுக்கச் சிமெண்ட் லாரிகள் கரைத்துவிட்ட சாம்பல் நிறச் சேறு. வெள்ளை சாக்ஸ் இன்றோடு ஓய்வு.

சாயங்காலம் ஹசீனா (இனி ஹ.) வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை பெரம்பலூரில் அறிவியல் கண்காட்சி. பதினோராம் வகுப்பில் என்னோடு சேர முன்வந்த ஒரே ஜீவன் இவள்தான். போன வருஷம் பயாலஜி லேப் எலும்புக்கூட்டுக்கு நான் சுடிதார் போட்டுவிட்டதிலிருந்து மற்றவர்கள் என் பக்கத்தில் பேனாவைக்கூட வைப்பதில்லை.

ஐடியா அவளுடையது, போன வாரமே சொல்லிவிட்டாள். பூமிக்குள்ளே கொதிக்கிற தண்ணீர், பாறை இடுக்கு வழியாக வரும்போது செம்பு, துத்தநாகம் என்று துளித்துளி உலோகங்களைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு வருமாம். வழியில் இரும்பு ஆக்சைடு கனிமம் இருந்தால் பாகப்பிரிவினை. கொஞ்சம் கனிமத்துக்கு, மீதி தண்ணீருக்கு. யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு தெரிந்தால், பழைய கல்லைப் பார்த்தே அன்று ஓடிய தண்ணீரில் என்ன இருந்தது என்று சொல்லிவிடலாம். தண்ணீர் எப்போதோ போய்விட்டாலும்! எனக்கே கொஞ்சம் புல்லரித்தது. அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் பூமி: கைப்பிடி உடைந்த பழைய குக்கர். ("இனிமே அதுல சோறு கெடையாது, கிட்டயும் கொண்டாராத" – அம்மா.)
எங்கள் கனிமம்: கொல்லை கேட்டில் சுரண்டிய துரு.
எங்கள் உலோகம்: உரக்கடை மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு. பெயரில்தான் மயில், வாயில் போட்டால் எருமை ஏறி வருவார்.
தண்ணீர்: குழாயில் வருகிற போர் தண்ணீர்.

மூன்று பாட்டில். மூன்றிலும் ஒரே அளவு துரு, ஒரே அளவு துத்தம்.
"எதுக்குடி மூணு?"
"மூணும் ஒரே மாதிரி வந்தாத்தான் நம்பலாம்."
எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்க்கிற ஆள் அவள். நான் துருப்பிடித்த ஆள்.

அவள் கை கழுவப் போன இரண்டு நிமிஷத்தில் பா. 3-இன் துருவைக் கொட்டிவிட்டு, நேற்றே தயார் செய்து வைத்த சரக்கைப் போட்டேன். ஆற்று மணல் + அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷ், காயவைத்து உதிர்த்தது. அச்சு அசல் துரு. மணல் செம்பைப் பிடிக்காது. நாளை லேபில் மூன்றாவது மட்டும் நீலமாகும், பத்து நிமிஷம் கதறுவாள், பிறகு சொல்லிவிடுவேன். திட்டம் அவ்வளவுதான்.

மூன்று பாட்டிலும் குக்கருக்குள். மூன்று விசில், சிம்மில் அரை மணி.

நவ. 12, புதன்
மேகம். மழை இல்லை.

கெமிஸ்ட்ரி லேப். பாட்டில் தண்ணீரை வடிகட்டி மிஸ்ஸிடம் கொடுத்தோம். அமோனியா மிஸ் கையால் மட்டும்தான். அதைச் சில துளி விட்டால், தண்ணீரில் செம்பு மிச்சம் இருந்தால் கருநீலம்.

பா. 1: நிறமில்லை. பா. 2: நிறமில்லை.
பா. 3-க்கு நான் சிரிப்பை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.
பா. 3: நிறமில்லை.

"மூணுமேடி! துரு அம்புட்டையும் புடிச்சிடுச்சு!" ஹ. என் தோளைப் பிடித்துக் குதிக்கிறாள். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்லா வந்துருக்கே. ஸ்கூல் சார்பா இதையே அனுப்பிடலாம்" என்றார்.

பா. 3-இல் துருவே இல்லை. நெயில் பாலிஷ் செம்பு தின்னுமா? தின்னாது. அப்படியானால் செம்பு எங்கே?

சிரிப்பு வாய்க்குள்ளேயே ஊசிப்போனது. சொல்லவில்லை. ஹ. அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, போன் போட்டாள். "அத்தா, செலக்ட் ஆயிடுச்சுங்க!" அந்தப் பக்கம் "மாஷா அல்லா" என்றது எனக்கே கேட்டது.

மதியம் எலுமிச்சை சாதம். டப்பாவோடு ஹ. பக்கம் தள்ளிவிட்டேன்.

நவ. 13, வியாழன்
வெயில்! துணியெல்லாம் மாடியில்.

காலையில் அம்மா சோறு வைக்கிற குக்கரின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.
"இந்தத் தண்ணில எதக் காய்ச்சினாலும் சுண்ணாம்புதான். பாரு, வெள்ளையடிச்ச மாரி."

ஓடினேன். பா. 3-இன் அடியைக் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். சிவப்பு மணலுக்கு மேல் மெல்லிய படலம். வெள்ளை, லேசான பச்சை.

அடப்பாவி தண்ணியே. சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி ஊருக்கே சிமெண்ட் அனுப்புகிற பூமி இது. அந்தப் பூமியின் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு அடியில் உட்காரும், உட்காரும்போது செம்பையும் இழுத்துக்கொள்ளும். துருவுக்கு வேலையே இல்லை. துரு போடாமல் ஒரு பாட்டில் வைத்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நான் திருட்டுத்தனமாக வைத்ததால்தான் தெரிந்தது.

என்ன செய்யலாம்:
1. வாயை மூடலாம். சனிக்கிழமை ஹ. மேடையில் பொய் சொல்வாள், பொய் என்று தெரியாமலே.
2. சொல்லலாம். ஹ. போய்விடுவாள்.
3. காய்ச்சல் வரவழைக்கலாம்.

மூன்றைப் பத்து நிமிஷம் சீரியசாக யோசித்தேன்.

மதிய இடைவேளை, வேப்பமரத்தடி. சொன்னேன். மணல், நெயில் பாலிஷ், சுண்ணாம்பு எல்லாம். நடுவில் ஒரு ஜோக் அடித்தேன். அடித்திருக்கக் கூடாது.

டிபன் பாக்ஸை மெதுவாக மூடினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.
"எல்லாரயும் பண்ணுவ. தெரியும். என்னயவாடி?"
அவ்வளவுதான். எழுந்து நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். அவள் "துரு போடாத கன்ட்ரோல் பாட்டில் வைக்க மறந்துட்டோம் மிஸ்" என்று மட்டும்தான் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நானே சொல்லிவிட்டேன்.

மிஸ் கண்காட்சிப் பட்டியலை எடுத்து எங்கள் பெயருக்கு நேரே பென்சிலை வைத்தார். பிறகு, "நாளைக்குள்ள சரியாச் செஞ்சு காட்டுங்க. இல்லன்னா பேரை எடுத்துடுவேன். நீ அந்த பாட்டில் பக்கமே கை வைக்காத, அவ செய்யட்டும்."

நவ. 14, வெள்ளி
குழந்தைகள் தினம். வகுப்பு இல்லை. ஆளுக்கொரு மிட்டாய், என்னுடையது புளிப்பு.

காலை ஆறு மணிக்கே ஹ. வந்துவிட்டாள். அம்மாவிடம் "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?", என்னிடம் "தள்ளு". சுண்ணாம்பில்லாத தண்ணீர் எது என்று எனக்குத்தான் தோன்றியது: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அப்பா வாங்கி வைத்திருக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன். தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். கேனைத் தொட்டால் பாட்டிலைத் தொட்டதாகாது.

துரு, குக்கரில். துரு, குக்கரில் போடாமல். வெறும் மணல், குக்கரில். இந்த மூன்றும் டிஸ்டில்டு வாட்டரில். பழைய போர் தண்ணீரில் துரு இல்லாமல் ஒன்று. நான் விசில் மட்டும் எண்ணினேன். மூன்று. தப்பாக எண்ணவில்லை.

லேப், மதியம்:
போர் தண்ணீர், துரு இல்லை: நிறமில்லை. (சுண்ணாம்பே, மாட்டிக்கொண்டாய்.)
மணல்: பளீர் நீலம்.
துரு, சூடில்லாமல்: நீலம், ஒரு சாயல் கம்மி.
துரு, குக்கரில்: வானம் மாதிரி வெளிர் நீலம். இருக்கிறது, ஆனால் பாதிக்கும் கீழே.

அதாவது துரு அம்புட்டையும் பிடிக்கவில்லை. பங்கு பிரித்திருக்கிறது. சூட்டில் அதிகப் பங்கு எடுத்திருக்கிறது. முதல் நாள் கிடைத்த அந்த முழு வெற்றியைவிட இந்தப் பாதி எவ்வளவு அழகு!

மிஸ் நான்கு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போங்க. ரெண்டு பேரும்." ஹ. தலையாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

நவ. 15, சனி
பெரம்பலூர் பஸ். காற்று ஜில்லென்று. குக்கர் என் மடியில்.
கண்டக்டர்: "பாப்பா, குக்கருக்கு லக்கேஜ் போடணும்."
"கொழந்த சார், மடியிலதான வருது."
முன் சீட்டுக் கிழவர்கூடச் சிரித்தார். ஹ. ஜன்னலையே பார்த்தாள். ஆனால் காது ஓரம் கன்னம் லேசாக ஏறி இறங்கியது. பார்த்தேன்.

எங்கள் பக்கத்து மேசையில் லைட் எரிகிற அணை. கூட்டமெல்லாம் அங்கே. பன்னிரண்டு மணிக்கு நடுவர் அம்மா ஒருவர் வந்தார், ஏதோ காலேஜில் ஜியாலஜி. ஹ. சொன்னாள். முதல் முடிவு தப்பு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டதும் நான் அணைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இவ என்னய ஏமாத்த மணல்ல நெயில் பாலிஷ் கலந்து போட்டா மேம்."
நடுவர் என்னைப் பார்த்தார். பா. 3-ஐத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் ஏமாத்திருக்க" என்றார். பிறகு அரை மணி நேரம் நின்று, தண்ணீரில் புளிப்பு, அதாவது அமிலம், கூடினால் என்ன ஆகும், துத்தநாகம் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் நோட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பரிசு அணைக்கு. எங்களுக்குச் சான்றிதழ், அதில் என் பெயர் எழுத்துப்பிழையோடு.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாதி வழி தாண்டியதும் ஹ. முழங்கையால் இடித்தாள்.

"ஏய்."
"ம்?"
"கலர எனக்குத் தோதா பாத்துட்டனோன்னு இருக்கு. எது துரு, எது மணல்னு தெரிஞ்சுகிட்டே பாத்தா கண்ணு பொய் சொல்லும்."
"அதுக்கு?"
"திங்கக்கிழம நீ பாட்டில ரொப்பு. எதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லாத. நான் கேட்டு அழுதாலும் சொல்லாத."